கூட்டுத்தொகை மட்டும் சரியாக இருந்தது

அந்தத் தாளில் திண்டுக்கல் மலைமேல் இருந்தது.

ஆய்வு மையத்தில் நான் சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. தொண்ணூறுகளின் தொடக்கம். ஓரத்தில் துளைகள் வைத்த நீளமான தாளில், அச்சுப்பொறி கறகறவென்று தென்னிந்தியாவை எண்களாக அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. வானிலையைக் கணிக்கும் எங்கள் கணினி மாதிரிக்குள் நிலம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதற்கான எண்கள் அவை. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். என் ஊரைத் தேடினேன். அட்சரேகை பார்த்து, தீர்க்கரேகை பார்த்து விரலை வைத்தால், ஊர் நிஜத்தில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான உயரத்தில் இருந்தது. விரலை மேற்கே நகர்த்தினேன். கொடைக்கானல் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டிருந்தது. கிழக்கே சிறுமலையைக் காணவே காணோம்.

காரணம் எளிமையானது. கணினியால் ஒவ்வொரு ஊரையும் தனியாகப் பார்க்க முடியாது. நாட்டைப் பெரிய பெரிய கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்கு ஒரே உயரம், ஒரே காற்று, ஒரே மழை என்று வைத்துக்கொள்ளும். எங்கள் கட்டத்துக்குள் கொடைக்கானலும் இருந்தது, வத்தலக்குண்டும் இருந்தது, திண்டுக்கல்லும் இருந்தது. எல்லாவற்றையும் சராசரி போட்டதில் கொடைக்கானலை வெட்டி எங்கள் தலையில் கொட்டி ஒரே மேடாக்கிவிட்டார்கள்.

அப்போதுதான் பொறி தட்டியது. மேடு என்றால் தென்மேற்குக் காற்று அதில் ஏறும். ஏறினால் குளிரும், குளிர்ந்தால் மழை. அப்படியென்றால் இந்தக் கணினியில் ஆனி, ஆடியில் எங்கள் ஊரில் மழை பெய்கிறதா? ஓடிப்போய் ஜூலை மாத மழைத் தாளை எடுத்தேன். பெய்கிறது. கொட்டுகிறது. நிஜத்தில் அந்த மாதங்களில் மழையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் விழுந்துவிடும். எங்களுக்கு வருவது காய்ந்த காற்று, புழுதி, பறக்கும் தகரம். எங்கள் மழை ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலிலிருந்து வருவது. கட்டத்தைச் சிறிதாக்கி மலைகளை அதனதன் இடத்தில் திரும்ப வைத்துவிட்டால் போதும், எங்கள் சமவெளிக்கு எப்போது மழை என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். எனக்கு இருபத்து மூன்று வயது. இரண்டு வருடத்தில் முடியும் என்று நம்பினேன்.

இப்போது நாற்பதைத் தாண்டி விருப்ப ஓய்வில் வீட்டுக்கு வந்துவிட்டேன். நாங்கள் கையால் எழுதி வளர்த்த மாதிரியை மையம் நிறுத்திவிட்டது. வெளிநாட்டிலிருந்து ஒன்று வந்து இறங்கியிருக்கிறது. அதை ஓட்டுகிற இளையவர்கள், தங்கள் இதழுக்கு உங்கள் அனுபவத்தை எழுதித் தாருங்கள் மேடம், உங்கள் பெரிய வெற்றி எது என்று சொல்லுங்கள் என்றார்கள். எங்களுக்குப் பெரிய வெற்றி ஒன்று இருந்தது. அதைத்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு அவர்களே அதற்குப் பெயர் வைத்துக்கொள்ளட்டும்.

படித்தது இயற்பியல், திண்டுக்கல்லில். அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தது ராசு அண்ணன். சின்னாளபட்டி தாண்டி, சிறுமலையைப் பார்த்த மாதிரி எங்கள் தென்னந்தோப்பு. அதில் வந்த தேங்காயில்தான் கல்லூரி, மேல்படிப்பு, ரயில் டிக்கெட் எல்லாம். மையத்தில் முதல் சில ஆண்டுகள் அடுத்தவர் எழுதிய நிரலில் பிழை தேடியதிலும், கணினி நேரத்துக்கு வரிசையில் நின்றதிலும் போயின. விடுமுறையில் ஊருக்குப் போனால், ஆகாசத்துல வேலை பார்க்கிறவள் வந்துவிட்டாள், வாசல் தெளிப்பதற்கு முன்னால் மழை வருமா என்று அவளைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று மதினி பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்வார்.

எங்கள் குழுவின் தலைவர் தேவசகாயம் சார். நாகர்கோவில்காரர். அலுவலகத்தில் ஆங்கிலம்தான். முக்கியமான எதையாவது சொல்ல வேண்டுமானால் மட்டும் என்னிடம் தமிழுக்கு வருவார். மழை வரும் என்று ஒருநாளும் சொல்லமாட்டார். மாதிரி மழையைக் காட்டுகிறது என்பார். அவர் மனைவி குடை எடுத்துக்கொள்ளவா என்று போனில் கேட்டதற்கும் அதே பதில்தான் சொன்னார் என்று ஒரு கதை மையத்தில் உலவியது. வண்ண அச்சுப்பொறி வந்தபோது நாங்கள் எல்லோரும் மழையைப் பச்சையில் அடித்துக் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் தாளைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தார். பச்சை போட்டால் மனசு நம்பிவிடும், கறுப்புக் கோட்டில் போட்டுக் கொண்டுவாருங்கள் என்றார்.

அவர் ஏற்படுத்திய வழக்கம் ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமைக் கூட்டம் எப்போதும் தோல்வியில்தான் தொடங்கும். அந்த வாரம் மிக மோசமாகத் தவறிய கணிப்பு எதுவோ, அதைச் செய்தவரே பலகையில் மாட்ட வேண்டும். எங்கே தவறியது என்று அவரே சொல்லி முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசக் கூடாது. சமாதானமும் சொல்லக் கூடாது. அதன் பிறகுதான் டீ வரும். முதல் முறை தாளைத் தலைகீழாக மாட்டிவிட்டேன். மூன்றாவது முறை பழகிவிட்டது. பிறகு வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருக்கவே ஆரம்பித்தேன். தவறைச் சத்தமாகச் சொல்ல ஒரு இடம் இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது தெரியவில்லை.

மலைகளைத் திரும்ப வைக்க எனக்கு இரண்டு வருடம் போதவில்லை. தொண்ணூறுகள் முழுக்கப் போயின. கட்டத்தைப் பாதியாக்கினால் கணக்கு பல மடங்கு ஆகும். கணினி தாங்காது. நாடு முழுவதையும் விட்டுவிட்டுத் தெற்கே ஒரு துண்டுக்கு மட்டும் சின்னக் கட்டம் போட்டேன். ஒருநாள் உயரத் தாளை எடுத்தேன். கொடைக்கானல் எழுந்து நின்றது. சிறுமலை வந்துவிட்டது. நடுவில் எங்கள் ஊர் கீழே, அதன் இடத்தில் கிடந்தது. ஜூலைத் தாளைப் பார்த்தேன். மழை இல்லை. வெறும் காற்று. அவ்வளவு சந்தோஷமாக மழையில்லாத் தாளை யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். சாரிடம் ஓடினேன். அவர் ஜூலையைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு ஆண்டு மொத்தத்தைக் கேட்டார்.

மொத்தம் படுத்துவிட்டிருந்தது.

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் இதில்தான் இருக்கிறது. பழைய மாதிரியில் இரண்டு தவறுகள் இருந்தன. ஆனி, ஆடியில் பெய்யாத மழையைப் பெய்ததாகக் காட்டியது ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழையைக் குறைத்துக் காட்டியது இன்னொன்று. ஒன்று கூட, ஒன்று குறைய, இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டி ஆண்டு மொத்தம் கச்சிதமாக வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் எல்லோரும் அந்த மாதிரியை நம்பினார்கள். எங்கள் வட்டாரத்துக்கு மதிப்பெண் போட்டதும் அந்த மொத்தத்தை வைத்துத்தான். நான் முதல் தவறை எடுத்தேன். இரண்டாவது அம்மணமாக நின்றது. மாதிரி முன்னைவிட உண்மையாகிவிட்டது, மதிப்பெண் முன்னைவிடக் கீழே போய்விட்டது.

இரண்டாவதையும் சரிசெய்ய வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். செய்ய முடியவில்லை. இன்றுவரை முடியவில்லை. வங்கக் கடலில் சின்னதாகச் சுழன்று, எங்கே கரை தொடும் என்று தனக்கே தெரியாமல் வருகிற மழை அது. அதைப் பிடிக்கக் கடலுக்கு மேலே எங்களிடம் போதிய அளவீடு இல்லை. பக்கத்து மேசை நண்பர் ஒரு குறுக்குவழி சொன்னார். மேகத்திலிருந்து எவ்வளவு நீர் கீழே விழ வேண்டும் என்பதற்கு நிரலில் ஒரு எண் உண்டு, அதைக் கொஞ்சம் ஏற்றிவிடு, மொத்தம் தானாக வந்துவிடும் என்றார். எல்லா மாதத்திலும் தூறல் கூடும், மொத்தம் வரும், எல்லோரும் கைதட்டுவார்கள். நான் மறுத்தேன். சாரும் அதைச் செய்யச் சொல்லவில்லை.

எங்கள் புதிய மாதிரியை எடுத்துக்கொள்வதா என்று முடிவு செய்ய வெளியிலிருந்து ஒரு குழு வந்தது. சார் ஒளிக்காமல் பேசினார். பழைய மொத்தம் சரியாக வருவது இரண்டு தவறுகளால், புதியதில் ஒன்று போய்விட்டது என்றார். குழுவில் ஒருவர், அப்படியானால் புதியது மோசமா என்று கேட்டார். மதிப்பெண்படி ஆமாம் என்றார் சார். பிறகு ஏன் மாற்ற வேண்டும் என்று அவர் கேட்டார். கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் விஷயம் முடிந்துவிட்டது. பழையதே தொடரட்டும்.

அது மழை தொடர்ந்து பொய்த்துக்கொண்டிருந்த காலம். இரண்டாயிரங்களின் தொடக்கத்தை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். தோப்பில் கிணறு வற்றி, ஆழ்துளையும் வற்றி, மட்டைகள் ஒவ்வொன்றாகத் தொங்க ஆரம்பித்திருந்தன. ஒட்டன்சத்திரத்து மரவியாபாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். மரம் பச்சையாக இருக்கும்போதே கொடுத்துவிடுங்க, உத்திரத்துக்குப் போகும், கொண்டை சாய்ந்தபிறகு சூளைக்குத்தானுங்க என்று அவர் நியாயமாகத்தான் சொன்னார். வெட்டிக் கொடுத்துவிட்டு நிலத்தில் வேறு ஏதாவது செய்வதா, லாரித் தண்ணீர் ஊற்றி ஐப்பசி மழை வரை இழுத்துப் பிடிப்பதா. அண்ணனுக்கு முன்னால் இருந்தது அவ்வளவுதான்.

புரட்டாசிக் கடைசியில் எங்கள் மையத்தின் கணிப்பு செய்தித்தாளில் வந்தது. பழைய மாதிரி காட்டியதோடு, அது வழக்கமாகக் குறைக்கும் அளவையும் மையம் கூட்டிச் சொன்னது. எங்கள் வட்டாரத்தில் இந்தப் பருவத்தில் மழை குறைவிருக்காது. மறுநாள் அண்ணன் போன் செய்தார்.

"ஏத்தா வள்ளி, பேப்பர் பாத்தேன். மழைக்குக் குறையில்லன்னு உங்க ஆபீசுல சொல்லிருக்காகளே."

"அத நம்பி ஒண்ணும் செய்யாதண்ணே."

"அப்ப மழை வராதுங்கிறியா?"

"வராதுன்னு சொல்லல. தெரியாதுங்கிறேன். எனக்கும் தெரியாது, அந்த மிஷினுக்கும் தெரியாது."

பிறகு சிரித்தார்.

"தெரியாதுன்னு சொல்றதுக்கு அம்புட்டு தூரம் போகணுமாத்தா? இங்கன இருந்துக்கிட்டே சொல்லிருக்கலாமே."

நான் மேடு, கட்டம், இரண்டு தவறு என்று எல்லாவற்றையும் சொல்லப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டார். என் அண்ணன் எதையும் பொறுமையாகக் கேட்பார். பிறகு கேட்டார்.

"பேப்பர்ல போட்டது உங்க பெரியவரு சொன்னதுதான?"

"ஆமாண்ணே."

"நீ அவருக்குக் கீழதான வேல பாக்குற?"

"ஆமா."

"அப்ப அவரு சொன்னதாவே இருக்கட்டும். மரத்த வெட்டல."

அவரைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? ஒரு பக்கம் அச்சடித்து வந்த நம்பிக்கை. இன்னொரு பக்கம் தங்கச்சியின் தெரியாது. நான் மட்டும் வேறு யாராகவாவது இருந்திருந்தால், நானும் செய்தித்தாளைத்தான் நம்பியிருப்பேன். வெட்டிவிடு என்று சொல்லும் தகுதி என் மாதிரிக்கு இல்லை. பிடித்து வை என்று சொல்லும் தகுதி அவர்கள் மாதிரிக்கு இல்லை. ஆனால் அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

ஐப்பசி முழுக்க வானம் வெளுத்துக் கிடந்தது. தண்ணீர் லாரி கொஞ்ச நாள் வந்தது. பிறகு லாரிக்காரர் கிணறும் வற்றிவிட்டது. மதினி குடத்தில் கொண்டுபோய் இளங்கன்றுகளுக்கு மட்டும் ஊற்றினார். பெரிய மரங்கள் மேலே முதலில் நிறம் மாறின, பிறகு குருத்து சாய்ந்தது, பிறகு ஒரு காற்றில் கொண்டை கழன்று விழுந்தது. ஒன்று விழுந்த பிறகு மற்றவை காத்திருக்கவில்லை.

கார்த்திகைக் கடைசியில் கடலில் ஒரு சுழல் உருவாகி நேராக எங்கள் பக்கம் வந்தது. சில நாட்களில் கொட்டித் தீர்த்தது. ஆத்தூர்ச் சாலை தண்ணீரில் போனது, எங்கள் கண்மாய்க் கரை உடைந்தது, குடகனாற்றில் வெள்ளம் பார்க்க ஆட்கள் பாலத்தில் கூடி நின்றார்கள். மரமில்லாத தோப்புக்குள் முழங்கால் தண்ணீர் நின்றது. பிறகு அதுவும் ஓடிவிட்டது.

பருவக் கணிப்புக்கும் மொத்தத்தை வைத்துத்தான் மதிப்பெண், பருவம் முடிந்ததும் மையத்தில் கூட்டல் போட்டார்கள். பருவத்தின் மொத்த மழை கணித்த மொத்தத்துக்கு மிக நெருக்கமாக இருந்தது. எங்கள் வட்டாரத்துக்கு அதுவரை வந்ததிலேயே சிறந்த மதிப்பெண் அது. மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. அதுதான், இளையவர்களே, நீங்கள் கேட்ட பெரிய வெற்றி.

அந்த வெள்ளிக்கிழமை நான் அந்தக் கணிப்பையே தோல்வியாக எடுத்துக்கொண்டுபோய் மாட்டினேன். அறையில் சிலர் நான் தாளை மாற்றி எடுத்துவந்துவிட்டேன் என்று நினைத்தார்கள். மழை பெய்த நாட்களைக் கறுப்பில் வரைந்திருந்தேன். நீளமாக ஒரு வெறுமை, கடைசியில் ஒரு கோபுரம். ஒரே கோபுரத்தில் மொத்தப் பருவமும் இருந்தது. கணிப்பு காட்டியதோ நாளுக்கொரு தூறலாக, பருவம் முழுக்கப் பரவிய மழை. இரண்டின் கூட்டுத்தொகையும் ஒன்று. இந்த வெறுமைக்குள் என் அண்ணன் தோப்பு செத்தது, அதனால் இது இந்த ஆண்டின் மோசமான கணிப்பு என்று சொல்லி உட்கார்ந்தேன். வழக்கப்படி யாரும் குறுக்கே பேசவில்லை.

சார் எழுந்து பலகைக்குப் பக்கத்தில் போய் வெகுநேரம் அந்தக் கோடுகளைப் பார்த்தார். பிறகு எல்லோர் முன்னாலும் தமிழில் சொன்னார்.

"நீங்க சொல்றது எனக்குப் புரியுதும்மா. ஆனா இத நான் தோல்வின்னு எழுத முடியாது. எழுதணும்னா இதுக்கு முன்னால எழுதின வெற்றியெல்லாம் என்னன்னு கேப்பாங்க."

தாளை அவரே கழற்றி, மடிக்காமல், என் கையில் கொடுத்தார். அந்த வாரத்துக்கு வேறொருவரின் சின்னத் தவறு ஒன்று பதிவானது. டீ வந்தது. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் பார்த்த மனிதர்களிலேயே நேர்மையானவர் அவர். அவராலேயே முடியவில்லை என்பதுதான் என்னைக் கீழே தள்ளியது. அதன் பிறகும் வெள்ளிக்கிழமைக் கூட்டங்கள் தோல்வியில்தான் தொடங்கின. ஆனால் மாட்டக்கூடிய தோல்விகள் எவை என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்துபோயிருந்தது.

அவர் ஓய்வு பெற்றார். கூட்டம் மாதத்துக்கு ஒன்றாகி, பிறகு நின்றது. என் சின்னக் கட்ட மாதிரி காந்த நாடாக்களில் பத்திரமாக இருக்கிறது. அதைப் படிக்கும் கருவியைத்தான் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். இப்போது வந்திருக்கும் மாதிரியில் கட்டம் என்னுடையதைவிடச் சின்னது. சிறுமலை அழகாக நிற்கிறது. என் பத்து வருட வேலை அதில் ஒரு வரியாகக்கூட இல்லை. அது தேவையுமில்லை. விடைபெறும் நாளில் அதன் முதல் முடிவை எனக்குக் காட்டினார்கள். பச்சையில் அடித்திருந்தார்கள். எங்கள் ஊர் எப்படி வருகிறது என்று கேட்டேன். மொத்தம் ரொம்ப நன்றாக வருகிறது மேடம் என்றான் ஓட்டிய பையன். எந்த மாதத்தில் என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் கைகுலுக்கிவிட்டு வந்தேன்.

இப்போது அண்ணன் வீட்டு மாடி அறையில் இருக்கிறேன். அண்ணன் அந்த நிலத்தில் பாதியை விற்றுவிட்டார். மீதியில் ஆயக்குடியிலிருந்து கன்று வாங்கிக் கொய்யா வைத்திருக்கிறார். காய்க்குமா என்று என்னிடம் கேட்கவில்லை. அந்த போனைப் பற்றி நாங்கள் இதுவரை பேசியதும் இல்லை.

சும்மா இருக்க முடியவில்லை. ஒரு கணினி வாங்கியிருக்கிறேன். நான் சேர்ந்தபோது மையத்தில் இருந்த பெரிய இயந்திரத்தைவிட இது வேகமானது. இதற்கென்று புதிதாக ஒரு சின்ன மாதிரி எழுதிவருகிறேன், அதனிடம் மழை எவ்வளவு என்று கேட்கப்போவதில்லை. ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவில் எவ்வளவு நாள் காயும், அதை மட்டும் கேட்கப்போகிறேன். மரம் கூட்டுத்தொகையைக் குடிப்பதில்லை. எங்கள் மாதிரிகள் எல்லாம் நாளுக்கொரு தூறல் போட்டு அந்தக் காய்ந்த நாட்களை மூடி மறைத்துவிடுகின்றன. அந்தத் தூறலை முதலில் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் மொத்தம் மறுபடியும் படுக்கும். மதிப்பெண் போட இங்கே யாரும் வரப்போவதில்லை.

முதலில் ஓட்டப்போவது தோப்பு செத்த ஆண்டை. நேற்று கணினிக்கு மின்கம்பி இழுக்க உதவிக்கொண்டிருந்த அண்ணனிடம் அதைச் சொன்னேன். அவர் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"செத்த வருசத்துக்கு இப்ப எதுக்குத்தா மழை பாக்குற?"

"அந்த ஐப்பசி காயும்னு இது சொல்லுதான்னு பாக்கணும்ணே. அதச் சொல்லலைன்னா வேற எந்த வருசத்தப் பத்தியும் இது பேசக் கூடாது."

"சொல்லுமா?"

"தெரியாதுண்ணே."

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. கம்பியை எடுத்து மிச்சத்தையும் சுவரில் அடித்து முடித்தார். சொல்லாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. திங்கட்கிழமை ஓட்டுகிறேன்.